கொங்கோலாவில் சன்னு

மதினி, நேற்று என் மருமகள் மதுரையிலிருந்து கைக்குத் தடவும் கிரீம் ஒன்று வாங்கி வந்தாள். பனிக்காலம் வந்தால் என் புறங்கை கரிசல் காடு மாதிரி வெடித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். மூடியைத் திருகி என் கையில் கொஞ்சம் வைத்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டேன். ரோஜா வாசனையும் இன்னும் என்னென்னவோ வாசனையும் போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு அடியில், புகை பிடித்த வெண்ணெய் மாதிரி ஒரு வாசனை லேசாக இருந்தது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். ஆப்பிரிக்காவில் வளரும் ஒரு மரத்துக் கொட்டையின் எண்ணெய் சேர்ந்தது என்று வாசித்தாள்.

"என்ன அத்தை, ஒத்துக்கலையா?" என்றாள்.

"இல்ல, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். எங்கிருந்து தொடங்கி அவளுக்குச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

அந்த எண்ணெயைப் பால்பவுடர் டின்னில் அடைத்துக் கொண்டுவந்தீர்கள். 'கடன்யா' என்று பெயர் சொன்னீர்கள். "பேருதான் கடன்யா. கடனுக்கெல்லாம் இல்ல, பக்கத்து வீட்டுக்காரி சும்மாவே குடுப்பா" என்று சிரித்தீர்கள். முற்றத்தில் என்னை உட்காரவைத்து, என் காலைத் தூக்கி உங்கள் மடியில் போட்டுக்கொண்டு, வெடிப்பு விழுந்த குதிகாலில் தடவினீர்கள். நாத்தனார் காலை அண்ணன் பெண்டாட்டி தொடுவதா என்று அம்மா முனகினாள். "அங்க எல்லாரும் எல்லாருக்கும் தடவி விடுவாக அத்தை" என்றீர்கள். அது நீங்கள் முதல் விடுப்பில் வந்தபோது. அப்போது பையன் உங்களோடு இருந்தான்.

அண்ணனுக்குப் படிப்பு வேதியியல், உங்களுக்குக் கணக்கு. இரண்டு பேருக்கும் இங்கே நிலையான வேலை கிடைக்கவில்லை. நைஜீரியாவிலிருந்து ஆட்கள் வந்து சென்னையில் ஆசிரியர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனீர்கள். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நைஜீரியா, நைஜீரியா என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள்தான் முதல் கடிதத்திலேயே திருத்தினீர்கள். நைஜீரியா பெரிய நாடு, நாங்கள் இருப்பது கொங்கோலா மாநிலம், அது ஓர் ஆற்றின் பெயர், மாநிலமே புதிதாகப் பிரித்ததுதான் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. அதன் பிறகு யார் கேட்டாலும் "கொங்கோலாவுல இருக்காக" என்றார். கேட்டவர்கள் அது கொழும்புப் பக்கம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

நீங்கள் நரிக்குடிப் பக்கத்துப் பெண். வறண்ட காட்டில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஊர் உங்களுக்கு அந்நியமாகவே தெரியவில்லை. "கரிசல் மண்ணுதான் லூர்து. சோளம், கம்பு, பருத்தி, கடலை எல்லாம் இருக்கு. நம்ம களியத்தான் அங்க தூவோங்கிறாக. நம்ம ஊரத் தூக்கி ஒரு பெரிய ஆத்தங்கரையில வச்சிட்டா அதுதான் கொங்கோலா" என்று சொன்னீர்கள். வேப்பமரம்கூட இருந்ததாம், எப்போதோ இந்தியாவிலிருந்து போனது.

பையன் அங்கே பிறந்தான். ஞானஸ்நானத்தில் அருள் என்று பெயர் வைத்தீர்கள். ஆனால் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் யாரும் அவனை அருள் என்று கூப்பிட்டதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எதிரே வந்த எல்லாரிடமும் அவன் "சன்னு, சன்னு" என்றான். அது அந்த ஊர் வணக்கம். ஆடு மேய்க்கிறவரிடம் சொன்னான், ஆட்டிடமும் சொன்னான். தன் பெயரைத்தான் சொல்கிறான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் நினைத்துவிட்டார்கள். "ஏலே சன்னு, வாடா, மல்லிக்காட்டுக்குப் போவோம்" என்று ஆளாளுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனும் அதைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டான்.

ஒரு நாள் நான் அவனைக் குண்டாற்றுக்குக் கூட்டிப்போனேன். மணலில் நின்று நாலா பக்கமும் பார்த்தான்.

"அத்த, ஆறு எங்க?"

"இதான்டா ஆறு."

"தண்ணி?"

"மழ பேஞ்சா வரும்."

அவன் என்னை நம்பவில்லை. குனிந்து மணலைத் தோண்ட ஆரம்பித்தான். தோண்டிக்கொண்டே, தங்கள் ஊர் ஆற்றில் நீர்யானை இருக்கிறது என்றும் அதற்கு முன்னால் சத்தம் போடக்கூடாது என்றும் எனக்குச் சொன்னான். அவன் தமிழில் தொடங்கிய வாக்கியம் வேறு ஏதோ மொழியில் முடிந்தது. நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் ஓடி, "இங்க ஆறு செத்துப்போச்சு" என்றான். நீங்கள் அவன் வாயைப் பொத்தினீர்கள்.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில் தந்தி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு முடித்துவிட்டு வந்து அப்போதுதான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். தந்திக்காரர் வாசலில் வந்து நின்றார். அப்பா தந்தியைக் கையில் வாங்கவில்லை. அவரையே வாசிக்கச் சொன்னார். அருள் இறந்துவிட்டான், அடக்கம் முடிந்தது, அவ்வளவுதான். அப்பா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அவர் இன்னொரு தடவை வாசித்தார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "யாரு? எந்த அருளு?" என்றாள். எங்களுக்கு அவன் சன்னுவாகவே ஆகிவிட்டிருந்தான்.

என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை மதினி. சாவு விழுந்தால் செய்வதற்கு ஆயிரம் வேலை இருக்கும். அன்று ஒரு வேலையும் இல்லை. உடம்பு இல்லை, குழி இல்லை, தூக்கிப்போக ஆள் தேவையில்லை. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டு, யாரைக் கட்டிப்பிடித்து அழுவது என்று தெரியாமல் எழுந்து போனார்கள். சாமியார் பூசை வைத்தார். அம்மா திரும்பத் திரும்ப ஒன்றுதான் கேட்டாள். "எங்கன வச்சிருக்காக? மழத்தண்ணி நிக்காத எடமா பாத்து வச்சிருக்காகளா?"

அங்கே நடந்ததைப் பிறகு நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். புழுதிக்காற்று அடிக்கிற காலத்தில் அந்தப் பக்கம் மூளைக்காய்ச்சல் பரவுமாம். அந்த வருஷம் ஊர் ஊராகப் பரவியிருந்தது. காலையில் தலை வலிக்கிறது என்றான். மத்தியானம் கழுத்தை மடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஓடத்தில் போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்கத் தாய்மார்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மருந்து தீர்ந்துபோயிருந்தது, லாரி வரவேண்டும். நீங்களும் அந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள். அண்ணன் ரோட்டில் போய் நின்று லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கணக்கு டீச்சரு, அவுக சயின்ஸ் வாத்தியாரு. என்ன பிரயோசனம்? அங்க எல்லாரும் ஒண்ணுபோலதான் உக்காந்திருந்தோம்" என்றீர்கள்.

உங்கள் பக்கத்து வீட்டு லாடி கூட வந்திருந்தாள். பள்ளிக்கூட விடுதியில் சமைக்கிறவள். அவனை நீங்கள் பெற்றீர்கள், அவள்தான் முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவனை இறக்கிவைக்கச் சொன்னபோது அவள்தான் மாட்டேன் என்று அழுதாளாம். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அடக்கம் செய்தீர்கள். வேம்புக்கு அந்த ஊரில் சொல்கிற பெயருக்கு நெட்டைப் பையன் என்று அர்த்தம் என்று ஒருமுறை சொன்னீர்கள்.

நீங்கள் அங்கேயே இருந்துவிட நினைத்தீர்கள். அதுவும் முடியவில்லை. அந்த நாட்டு அரசாங்கத்தில் பணமில்லை, வெளிநாட்டு வாத்தியார்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் போய், "சம்பளம் வேணாம், இருக்க மட்டும் விடுங்க" என்று கேட்டீர்களாம். அவர் நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டாராம். ஆனால் வேலை இல்லாதவர் நாட்டில் தங்க முடியாது. அவனைத் தோண்டி எடுத்துக்கொண்டு வரவும் வழியில்லை.

மதுரை ஸ்டேஷனில் நீங்கள் இறங்கியது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. அண்ணன் பெட்டிகளை இறக்கினார். நீங்கள் கடைசியாக வந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று என் கண் தானாகவே போனது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். என் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தீர்கள்.

வீட்டில் அம்மா கேட்டாள். "ஒரு பிடி மண்ணாச்சும் கொண்டு வந்தியா தாயி? இங்கன போட்டு ஒரு செலுவ நட்டுருக்கலாமே."

"வேணாம்னுட்டேன் அத்தை. மண்ணக் கொண்டு வந்துட்டா, அவன இங்க கொண்டு வந்துட்டோம்னு நெனப்போம். அவன் அங்கல்ல இருக்கான், தனியா."

அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு வேலை கிடைத்தது. அண்ணன் டியூஷன் எடுத்தார். வேறு பிள்ளை இல்லை. அண்ணன் அவன் பேரைச் சொல்வதே இல்லை. யாராவது நைஜீரியா பற்றிக் கேட்டால் வெயில், சம்பளம், பெட்ரோல் விலை என்று பேசுவார். பேச்சு பிள்ளை பக்கம் திரும்பினால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். நீங்கள் அவரைக் குறை சொன்னதில்லை. "அவுகளுக்கு அப்பிடித்தான் முடியும்" என்பீர்கள்.

கல்லறைத் திருநாள் வந்தால்தான் உங்களைப் பார்க்க மனசு தாங்காது. எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் அவரவர் வீட்டுக் குழியைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வருவீர்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மதில் ஓரமாக நிற்பீர்கள். முதல் வருஷம் நான்தான் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையைக் காட்டினேன். "வெளியூர்ல செத்தவுகளுக்கு அங்க ஏத்துவாக மதினி." போய் ஏற்றினீர்கள். கரிசல் காற்றுக்கு அது நிற்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். கையை எடுத்தால் அணைந்துவிடும், எடுக்காமல் எவ்வளவு நேரம்தான் நிற்பது. கடைசியில் எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தீர்கள்.

ஆனாலும் அந்த வருஷங்களில் உங்களுக்கு ஒரு பிடி இருந்தது. கிறிஸ்துமஸை ஒட்டி லாடியிடமிருந்து கடிதம் வரும். அவள் மகள் எழுதிக்கொடுப்பாள். குழியைச் சுற்றிக் கல் அடுக்கியிருக்கிறேன், வெள்ளை அடித்தேன், ஆடு வராமல் முள் போட்டேன். ஒரு வருஷம் வெள்ளம் வந்தபோது எழுதியிருந்தாள், "ஆறு பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தது. உன் பிள்ளையிடம் வரவில்லை." அதை நீங்கள் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு அன்றைக்குப் பாயசம் வைத்தீர்கள். எதற்குப் பாயசம் என்று அண்ணன் கேட்கவில்லை. இரண்டு டம்ளர் குடித்தார்.

தொண்ணூற்றொன்றில், ஆவணி மாத வாக்கில், அந்தச் செய்தி வந்தது. அங்கிருந்து கொண்டுவந்த ரேடியோவில் காலையில் வெளிநாட்டு ஆங்கிலச் செய்தி கேட்பது உங்கள் வழக்கம். நான் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் ரேடியோ முன்னால் கரண்டியும் கையுமாக நின்றிருந்தீர்கள். அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது.

"நைஜீரியாவுல புது ஸ்டேட்டு பிரிச்சிட்டாகளாம். கொங்கோலா இல்லையாம்" என்றீர்கள்.

அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தார். "இல்லைன்னா?"

"ரெண்டாக்கிட்டாகளாம். அதமாவா ஒண்ணு, தராபா ஒண்ணு. கொங்கோலாங்கிற பேரே இனிமே கெடையாது."

"பேருதான மாறிருக்கு" என்றார் அண்ணன். "நாமளும் ராமநாதபுரம் ஜில்லாவாத்தான் இருந்தோம். பிரிச்சாக. அருப்புக்கோட்ட எங்கயாச்சும் ஓடிப்போச்சா? ஆறு அங்கனதான இருக்கு."

"நம்ம ஊருக்குப் பழைய பேரப் போட்டாலும் தபால்காரருக்குத் தெரியும். அங்க யாருக்குத் தெரியும்? நம்ம ஊரு எந்தப் பக்கம் போயிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

அண்ணன் முகத்துச் சோப்பைத் துடைத்துக்கொண்டார். அந்த ஊர் இரண்டு மாநிலங்களும் பிரிகிற எல்லையிலேயே இருந்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல இங்கே வரைபடம் இல்லை. கடைகளில் கிடைத்த அட்லஸ் எல்லாவற்றிலும் கொங்கோலாதான் இருந்தது.

நீங்கள் லாடிக்கு இரண்டு கடிதம் எழுதினீர்கள். ஒரே செய்திதான். ஒன்றில் அதமாவா என்று விலாசம், இன்னொன்றில் தராபா. ஒன்று பல மாதம் கழித்து, உறை கிழிந்து, என்னென்னவோ முத்திரை குத்தித் திரும்பி வந்தது. இன்னொன்று வரவே இல்லை. "திரும்பி வரலைன்னா சேந்துருக்கும்ல" என்று என்னிடம் கேட்டீர்கள். சேர்ந்திருக்கும் என்றேன். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு லாடியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் சண்டை, வீடுகளை எரிக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டதாகச் சொன்னீர்கள். லாடி இருக்கிறாளா, அந்த ஊரை விட்டுப் போய்விட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. நம் சாமியார் தனக்குத் தெரிந்த குருமார்கள் வழியாக விசாரித்தார். அந்த மிஷனை மூடிவிட்டார்கள் என்று மட்டும் தகவல் வந்தது. மூடிய பிறகு அந்த இடம் யாரிடம் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

நேரில் போவது என்று முடிவு செய்தீர்கள். அண்ணன் கேட்டார், "போயி என்னத்தப் பாக்கப் போற?"

"பாத்துட்டு வாரேன்."

அவர் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் நான்தான் உங்களோடு மதுரைக்கு வந்தேன். காரியாபட்டியில் கூட்டம் ஏறி நெருக்கியது. நீங்கள் ஜன்னல் ஓரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். டிக்கெட், விசா எல்லாம் எடுத்துக்கொடுக்கிற அலுவலகம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் ஓர் இளைஞன். மரியாதையானவன். எங்களுக்கு டீ வரவழைத்தான்.

"எந்த நாட்டுக்கும்மா?"

"நைஜீரியா."

"லாகோஸுக்கா?"

"இல்ல, அங்கருந்து வடகெழக்க போகணும். கொங்கோலா ஸ்டேட்டு."

அவன் ஏதோ புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தான். "அப்படி ஒரு ஸ்டேட் இல்லையேம்மா."

"முன்ன இருந்துச்சு."

"சரிம்மா. அங்க யாரைப் பாக்கப் போறீங்க?"

"என் மகன."

அவன் முகம் தெளிந்தது. "மகன் அங்க இருக்காருன்னா பிரச்சனையே இல்லம்மா. அவரை ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பச் சொல்லுங்க. அதை வச்சு டெல்லியில விசா வாங்கிடலாம். என்ன வேலை பாக்குறாரு?"

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அவனுக்குக் கடுதாசி எழுத வராது தம்பி" என்றீர்கள்.

"போன்ல சொன்னாக்கூடப் போதும்மா, யாராவது எழுதிக் கையெழுத்து மட்டும்..."

"சின்னப் பையன்."

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். அவன் பேனாவைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாக, "அங்க கூப்பிடுறதுக்கு ஒரு ஆள் வேணும்மா. உயிரோட..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். படி வரைக்கும் வந்து எங்களை வழியனுப்பினான்.

திரும்பும் பஸ்ஸில் வரும்போது மேற்கே கள்ளிக்குடிப் பக்கமெல்லாம் மழை இருட்டிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. "நல்ல பையன், டீயெல்லாம் வாங்கிக் குடுத்தான்" என்றீர்கள். பிறகு, "அவனுக்கு என்ன வயசுன்னு கேக்கல, பாத்தியா. கேட்டிருந்தா என்னன்னு சொல்லியிருப்பேன்? அங்க அஞ்சு. இங்க பதினஞ்சுல்ல" என்றீர்கள். நான் உங்கள் கைப்பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். வேறு எதுவும் என்னால் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் முயற்சி செய்யவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வருவதையும் நிறுத்திவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் எப்போதும்போல் கணக்கு நடத்தினீர்கள். உங்களிடம் படித்த பெண்பிள்ளைகள் இன்றைக்கும் என்னைப் பஸ்ஸில் பார்த்தால் உங்களைக் கேட்பார்கள். இல்லை என்று சொன்னதும் எழுந்து இடம் கொடுப்பார்கள்.

ஈரலில் கட்டி என்று மதுரையில் சொன்னபோது காலம் கடந்திருந்தது. வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். நான் வாக்கப்பட்ட பாளையம்பட்டியிலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து வந்தேன். தலை வாரிவிடும்போது நீங்கள் அந்த ஊர் வழியைச் சொல்ல ஆரம்பித்தீர்கள். முதலில் பிதற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை, தெளிவாகத்தான் சொன்னீர்கள். நான் தப்பாகச் சொன்னால் திருத்தினீர்கள். "எனக்கு அப்புறம் ஒருத்தருக்காச்சும் தெரியணும்ல" என்றீர்கள். அண்ணன் அடுத்த அறையில் பேப்பர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் புரளும் சத்தம் கேட்காது.

கடைசி நாள் உங்களுக்குத் தமிழ் விட்டுப்போய்விட்டது. மத்தியானம் நல்ல வெயில். சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசிவிட்டுப் போயிருந்தார். நீங்கள் வாசல் பக்கம் பார்த்து, யாரையோ கூப்பிடுகிற குரலில், "ஸோ நன்... ஸோ நன்" என்றீர்கள். தண்ணீர் கேட்கிறீர்களோ என்று கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டீர்கள். தலையணையைச் சரிசெய்தேன். அதுவும் இல்லை. மறுபடியும் "ஸோ நன்" என்றீர்கள், இந்தத் தடவை கெஞ்சுகிற மாதிரி. எனக்குப் புரியவில்லையே மதினி. நான் என்ன செய்வேன். கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வேணும், என்ன வேணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உங்கள் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்தார். "இனா ஸுவா" என்றார். அவர் குரல் மெலிந்து, சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. "இனா ஸுவா, இனா ஸுவா."

நீங்கள் கூப்பிடுவதை நிறுத்தினீர்கள். சாயங்காலத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் எல்லாம் ஆன பிறகு அண்ணனிடம் கேட்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று. அவர் வேட்டி நுனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஸோ நன்னுன்னா, இங்க வான்னு" என்றார்.

"நீங்க சொன்னது?"

"வாரேன்னு."

அவ்வளவுதான் சொன்னார். அவர் இன்னும் பல வருஷம் இருந்தார், மதினி. நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். போவதற்கு முந்தைய வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, எனக்கு என்னவோ தோன்றி, நீங்கள் சொன்ன வழியை அவரிடம் சொல்லிக் காட்டினேன். ஓடம் விட்டு இறங்கினால் மணல் மேடு. மேடேறினால் கடலை மூட்டை அடுக்குகிற இடம். அதைத் தாண்டி சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவன். அவனுக்கு எதிரே செல்கிற பாதையில் போனால் பள்ளிக்கூட மணி தொங்குகிற மரம். அதிலிருந்து வலது கைப் பக்கம் திரும்பினால் வேப்பமரங்கள். அதில் மூன்றாவது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எடது கை" என்றார்.

"மதினி வலதுன்னுதான் சொன்னாக."

"இல்ல. மணியடிக்கிற மரத்துலருந்து எடது. நான்தான தூக்கிட்டுப் போனேன்."

நான் வாதம் செய்யவில்லை. நீங்கள் தினமும் நடந்த வழி அது, தப்பாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர் ஒரு நாள் நடந்தார், அந்த நாளை அவர் மறந்திருக்க மாட்டார். இப்போது அவரும் இல்லை. லாடி இருந்தால் சொல்லுவாள். அங்கே போய் அந்த மரத்தடியில் நின்றால் தெரிந்துவிடும். அது முடியாது. அதனால் இரண்டையும் வைத்திருக்கிறேன் மதினி. ஒரு நாள் வலது பக்கம் திரும்பிப் போகிறேன், மறுநாள் இடது பக்கம்.